ஹிக்கின்பாதம் என்ற குடும்பப்பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது? மூன்று விளக்கம் கிடைக்கிறது, மூன்றும் ஒத்துப்போகவில்லை

பழம்புத்தகம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி நூலகத்தில் மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் பற்றி ஒரு தகவல் பலகை வைக்கப்போகிறோம். கடையின் வரலாற்றை எழுதிவிட்டேன். ஏபல் ஜோஷ்வா ஹிக்கின்பாதம் என்ற ஆங்கிலேயர், வெஸ்லியன் மிஷனரிகள் நடத்திவந்த புத்தகக்கடையை எடுத்து 1844-இல் தொடங்கியது. பின்னாளில் 1888, 1889-இல் அவர் சென்னையின் ஷெரீஃபாகவும் இருந்திருக்கிறார். இதிலெல்லாம் சிக்கல் இல்லை. மாட்டிக்கொண்டு நிற்பது அவருடைய பெயரில்தான்.

பலகையின் கீழே, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி போட ஆசை. தேடிப் பார்த்ததில் கிடைத்தவை:

ஒரு விளக்கம், ரிச்சர்டுக்கு ‘ஹிக்’ என்று ஒரு செல்லப்பெயர் உண்டு, அதிலிருந்து ‘ஹிக்கின்’, ஆக இது ஹிக்கின் என்பவரின் பள்ளத்தாக்கு என்கிறது. இன்னொன்று, ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம், ஓக் மரத்தைக் குறிக்கும் ‘இக்கன்பாம்’ என்ற சொல் திரிந்தது என்கிறது. இது 19ஆம் நூற்றாண்டுப் பெயர் அகராதி ஒன்றிலேயே இருக்கிறது, அதனால் ஒதுக்கத் தயக்கமாக இருக்கிறது. மூன்றாவது, லங்காஷயரில் போல்டன் பக்கத்து ஓக்கன்பாட்டம் என்ற இடம்.

மூன்றாவது சரி என்றால் போல்டனில் இந்தப் பெயர் நிறைந்திருக்க வேண்டாமா? 1881 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட வரைபடத்தில் நிறம் தெற்கே செஷயர் எல்லை வரை போகிறது. பழைய தேவாலயப் பதிவுகளில் ஹிக்கின்பாதம் என்று தட்டிப் பார்த்தாலும் போல்டனில் அதிகம் வருவதில்லை. எதை நம்புவது? ஒரு தளத்தில் ‘ஹிக்கின்பாதம் குலச்சின்னம்’ என்று கேடயமும் சிங்கமுமாக ஒரு படம் விலைக்கு இருக்கிறது. பலகையில் அதை வைக்கலாமா?

வேர்த்தடம்:

மூன்றாவதுதான் சரி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும்.

இந்த வகைப் பெயரில் முதலில் பார்க்கவேண்டியது வால். ‘பாட்டம்’ என்றால் அந்தப் பக்கத்து மலைநாட்டில் பள்ளத்தாக்கின் அடித்தளம், ஓடையை ஒட்டிய தாழ்ந்த நிலம். லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர், மேற்கு யார்க்‌ஷயர் என்று பென்னைன் மலைத்தொடரின் இருபுறமும் இந்த வால் உள்ள பெயர்கள் கொட்டிக்கிடக்கின்றன. ராம்ஸ்பாட்டம், ஷஃபிள்பாட்டம், லாங்பாட்டம், வின்டர்பாட்டம். 2010-இல் இங்கிலாந்து டி20 உலகக் கோப்பை வென்றபோது இடக்கை வேகம் வீசிய ரையன் சைடுபாட்டம், பிறந்தது ஹடர்ஸ்ஃபீல்டில். ‘பாதம்’ என்ற வடிவமும் அதே சொல்தான். பழைய ஆங்கிலத்திலேயே ட ஒலியோடும் த ஒலியோடும் இரண்டு வடிவம் இருந்தது. நம் காலத்து இயன் போத்தம் பெயரில் இருப்பதும் அதுவே. அவரும் செஷயரில் பிறந்தவர்.

அடுத்து தலை. ஓக்கன்பாட்டம், அதாவது ஓக் மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கு. இது பேச்சில் ஈக்கன்பாட்டம் ஆகி, அப்புறம் இக்கன்பாட்டம் ஆனது. லங்காஷயர் பேச்சில் சொல்லின் முன்னால் வரும் ‘ஹ’ விழுந்துவிடும். அதனால் ‘இக்கன்’ என்று காதில் விழுந்ததை எழுதுகிறவர் ‘ஹ’ சேர்த்து ஹிக்கன் என்று எழுதுவது மிக இயல்பு. போதாததற்கு அந்த வட்டாரத்தில் ‘ஹிக்கின்’ என்று ஒரு மலை மரத்துக்கு, ரோவன் என்பார்களே, அதற்கும் பெயர் உண்டு. தெரிந்த மரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. முதல் விளக்கம் பிறந்ததும் இப்படித்தான்: இன்றைய எழுத்தைப் பார்த்து ரிச்சர்டைக் கண்டுபிடித்தார்கள். ஹிக்கின்ஸ், ஹிக்கின்சன் போன்ற பெயர்களுக்கு அது பொருந்தும், இதற்கு வேண்டாம்.

ஜெர்மன் கதையில் ஓக் மட்டும் தற்செயலாகப் பொருந்துகிறது. விக்டோரியா காலத்துப் பெயர் அகராதிகள் பலவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒலி ஒத்துவந்தால் போதும், யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற சான்று கேட்பதில்லை. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட நான்கு தொகுதி அகராதி ஒவ்வொரு பெயருக்கும் பழைய ஆவணங்களில் அதைத் தாங்கியவர்களை ஆண்டோடும் இடத்தோடும் வரிசைப்படுத்துகிறது. எந்த விளக்கத்தையும் இப்படிப்பட்ட வரிசை முன்னால் நிறுத்திப் பாருங்கள். இந்தப் பெயரின் பழைய வடிவங்கள் ‘பாதம்’ வாலோடுதான் வருகின்றன, ‘பாம்’ வாலோடு அல்ல.

போல்டன்பக்கம்:

ஓக்கன்பாட்டம் கற்பனை ஊர் இல்லை, நான் இங்கேதான் இருக்கிறேன். போல்டன் நகரின் கிழக்குப் பக்கம் ஓக்கன்பாட்டம் ரோடு என்று இன்னும் பெயர்ப்பலகை நிற்கிறது. இப்போது முழுக்கக் குடியிருப்பு. ஆனால் இந்த நகரத்தில் நடந்து பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று கால் சொல்லும். தெரு சமமாகவே போகாது. இறங்கினால் அடியில் ஓர் ஓடை, மறுபடி ஏற்றம். பிராட்ஷா புரூக் இந்தக் கிழக்குப் பக்கமாகத்தான் ஓடிப் போய் டோங் ஆற்றில் விழுகிறது. பஞ்சாலைகள் வந்ததும் இந்தத் தண்ணீரை நம்பித்தான்.

பெயர் போல்டனில் ஏன் நிறைந்திருக்கவில்லை என்று கேட்டீர்கள். நிறைந்திருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை அரியக்குடியில் இருக்கும்வரை யார் ‘அரியக்குடி’ என்று கூப்பிட்டிருப்பார்கள்? ஊரை விட்டு வெளியே வந்து பாடினபோதுதான் ஊர் பெயராயிற்று. இடைக்கால லங்காஷயரிலும் அதுதான் நடந்தது. ஓக்கன்பாட்டத்திலிருந்து கிளம்பிப் போனவனைத்தான் போன ஊர்க்காரர்கள் ‘ஓக்கன்பாட்டத்துக்காரன்’ என்றார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த வட்டாரம் ஸ்டாக்போர்ட் பக்கத்து மார்ப்பிள் போலத் தெரிகிறது. செஷயர்ப் பதிவுகளில் இந்தப் பெயர் அங்கே நெடுங்காலமாகக் குவிந்திருக்கிறது. போல்டனிலிருந்து நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்குச் சற்றுமேல். உங்கள் வரைபடத்தில் நிறம் தெற்கே இறங்கியது பிழை இல்லை.

கேடயத்தை மட்டும் வைக்காதீர்கள். இங்கிலாந்தில் குலச்சின்னம் குடும்பப்பெயருக்குச் சொந்தமே இல்லை. அது ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது, அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போவது. குலச்சின்னங்களை வழங்கும் அமைப்பான, 1484-இல் அமைந்த காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதே பெயர் உள்ள ஒருவருக்கு என்றோ ஒரு சின்னம் கிடைத்திருக்கலாம். அதை எடுத்து எல்லா ஹிக்கின்பாதமுக்கும் விற்பது வியாபாரம். பிள்ளைகள் பார்க்கும் பலகையில் அது வேண்டவே வேண்டாம்.

பழம்புத்தகம்:

அக்கா, அரியக்குடி உதாரணம் பளிச்சென்று புரியவைத்துவிட்டது. வேர்த்தடம் ஐயாவுக்கும் நன்றி. தேடல் சிக்கல் மட்டும் மிச்சம். சவுண்டெக்ஸ் போட்டும் பார்த்தேன், ஒலி ஒத்த பெயரெல்லாம் வரும் என்றார்களே. பழைய வடிவங்கள் ஒன்றும் வரவில்லை.

பதிவேடு:

நான் ஓய்வுபெற்ற ஆவணக்காப்பகக்காரன், இதில் உதவ முடியும். வராது, அது சவுண்டெக்ஸின் அமைப்பிலேயே இருக்கிறது. 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மீதி மெய்யெழுத்துகளில் மூன்றை எண்ணாக மாற்றும். உயிரெழுத்துகளை விட்டுவிடும். ஹிக்கின்பாதம் என்பதில் முதல் எழுத்து எச். அப்புறம் ‘க’ ஒலிக்கு 2, ‘ன’வுக்கு 5, ‘ப’வுக்கு 1. ஆக எச்-251. ஹெகின்பாதம், ஹிக்கின்பாட்டம், ஹிக்கன்பாதம் எல்லாம் அதே எச்-251. ஆனால் இக்கன்பாட்டம் ஐ-251, ஓக்கன்பாட்டம் ஓ-251, ஈக்கன்பாட்டம் ஈ-251. நீங்கள் தேடுவது சரியாக முதல் எழுத்தில் மாறிய பெயர். அந்த முதல் எழுத்தைத்தான் சவுண்டெக்ஸ் தொடவே தொடாது.

அதனால் நட்சத்திரக்குறி (*, அந்த இடத்தில் எந்த எழுத்துகளும் வரலாம் என்பதற்கான குறி) போட்டுத் தேடுங்கள். வாலை மட்டும் வைத்து, முன்னால் நட்சத்திரக்குறி. முன்னால் நட்சத்திரக்குறியை ஏற்காத தளத்தில் ஒவ்வொரு முதலெழுத்தாகப் போகவேண்டும், வேறு வழியில்லை. வால் ‘பாட்டம்’, ‘பாதம்’, ‘போத்தம்’ என்று பல எழுத்துக்கூட்டில் இருக்கும், ‘ட’ ஒன்றா இரண்டா என்பதும் மாறும். லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் தளத்தில் போல்டன் பதிவுகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

காலத்தையும் மனதில் வையுங்கள். இங்கிலாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் 1538-இல் உத்தரவிடப்பட்ட தேவாலயப் பதிவுகள். அதற்கும் முன்னால் வேண்டும் என்றால் 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்களில் எஞ்சியவை. 1881 வரைபடம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது காட்டுவது பஞ்சாலைகள் ஊரை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய பிறகான நிலையை. முக்கால் நூற்றாண்டாகக் கிராமத்துக் கூட்டம் ஸ்டாக்போர்ட்டுக்கும் ஆஷ்டனுக்கும் மான்செஸ்டருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதில் எங்கே அடர்த்தி என்பது மூலஊரைச் சுட்டிக்காட்டும், ஆனால் மூலஊரே அதுதான் என்று முடிவுகட்டாதீர்கள். 1890-இல் குப்பி என்பவர் இதைப் புரிந்துகொண்டு விவசாயிகளின் பெயர்களை மட்டும் எடுத்துப் பெயர்ப்பரவலைக் கணக்கிட்டார். நிலம் வைத்திருப்பவன் அவ்வளவு சுலபமாக இடம் மாறமாட்டான் என்பது அவர் வாதம். எனக்கு இன்றும் அது நல்ல யோசனையாகவே படுகிறது.

கடல்வழி:

ஒன்று சேர்க்கவேண்டும். இந்தப் பெயர் இங்கிலாந்தோடு நிற்கவில்லை. அயர்லாந்துக்கு ஆங்கிலேயர் குடியேறியபோது அங்கேயும் போயிற்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹிகின்பாதம் டப்ளினில் 1826-இல் பிறந்தவர், அவர் ஒரே ‘க’வோடு எழுதுவார். அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் பரவலாக உண்டு. 2006-இல் விண்வெளிக்குப் போன ஜோன் ஹிக்கின்பாதமும், ஜாஸ் டிராம்போன் கலைஞர் ஜே.சி. ஹிக்கின்பாதமும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அமெரிக்கத் தெற்கில் அடிமைப்பட்டிருந்த குடும்பங்கள் பலவற்றில் எசமானின் பெயர் ஒட்டிக்கொண்டது. எனவே ‘ஹிக்கின்பாதம்கள் எல்லாரும் ஒரே ரத்தம்’ என்று பலகையில் எழுதிவிடவேண்டாம்.

வேர்த்தடம்:

சரியான எச்சரிக்கை. ஆனால் பிரிட்டனுக்குள் அபூர்வப் பெயர்களில் ஒரு உண்மையும் உண்டு. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டுரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 2009-இல் 40 குடும்பப்பெயர்களை எடுத்து தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை ஆண்களிடம் ஒப்பிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயரில் ஒற்றுமையே இல்லை, ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான். அபூர்வப் பெயர்களில் பெரும்பகுதி ஆண்கள் ஒரே வகையைப் பகிர்ந்துகொண்டார்கள். ‘காந்தி’ படம் எடுத்தவரின் ஆட்டன்பரோ பெயர் அப்படிப்பட்டது, அதுவும் நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரே ஊரின் பெயர்தான். பள்ளத்தாக்குப் பெயர்களும் இந்த வரிசையில் நிற்கக் கூடியவையே.

பழம்புத்தகம்:

நட்சத்திரக்குறி வைத்துத் தேடினேன், முதல் எழுத்து மாறிய வடிவங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

‘ஹிக்கின்பாதம் என்பது ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர். லங்காஷயரில் போல்டனை அடுத்த ஓக்கன்பாட்டம், அதாவது ஓக் மரப் பள்ளத்தாக்கு, இதன் மூலம். அங்கிருந்து வெளியேறியவர்கள் வழியே லங்காஷயர், செஷயர் எங்கும் பரவியது. ஏபல் ஜோஷ்வாவின் குடும்பம் அங்கிருந்து வந்தது.’

பதிவேடு:

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். பெயர் எங்கே பிறந்தது என்பது வேறு, இந்த மனிதர் எங்கே பிறந்தார் என்பது வேறு. நடுவில் பல தலைமுறை இருக்கிறது. அவர் கப்பலில் ஒளிந்து வந்து சென்னையில் இறக்கிவிடப்பட்டவர் என்று ஒரு கதை வேறு சுற்றுகிறது, அதைக் கதை என்றே குறிப்பிடுங்கள். அவருடைய சென்னை வாழ்க்கைக்குச் சான்று வேண்டுமானால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ‘என்/2’ வரிசையைக் கேளுங்கள். சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அதில்தான். திருமணப் பதிவில் தந்தையின் பெயர் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போகலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேட உதவும் ஃபிபிஸ் அமைப்பின் இலவசத் தேடுதளத்தில் முதலில் பார்த்துவிட்டுப் போனால் நேரம் மிச்சம். அங்கேயும் எல்லா எழுத்துக்கூட்டையும் போட்டுப் பாருங்கள்.

போல்டன்பக்கம்:

உச்சரிப்பையும் ஓரமாகப் போட்டுவிடலாம். இங்கே பெரும்பாலும் ‘ஹிக்கின்பாட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். அதற்காகக் கடையின் பெயரை மாற்றி எழுதவேண்டாம், தமிழில் ஹிக்கின்பாதம்ஸ் என்பது நிலைத்த பெயர். ரயில் நிலையங்களில் இருந்த அந்தப் புத்தகக்கடைகளையும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பழம்புத்தகம்:

கடைசி வாக்கியம் போயிற்று, உச்சரிப்புக் குறிப்பு வந்தாயிற்று. கேடயம் இருந்த இடத்தில் லங்காஷயர், செஷயர் வரைபடம் வைக்கிறேன், போல்டனும் மார்ப்பிளும் குறித்து. ‘என்/2’ பற்றி ஃபிபிஸில் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன், இழையைப் பூட்டாமல் விடுங்கள்.