கார்மென் மிராண்டா பிரேசில்காரியா? முதலில் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்

கடலோடி:
பாடகி, ஹாலிவுட் நடிகை கார்மென் மிராண்டாவைப் பற்றிப் பக்கத்து இழையில் "பிரேசில் பெற்றெடுத்த முதல் உலக நட்சத்திரம்" என்று நிலாமுற்றம் எழுதிவைத்திருக்கிறார். ஆளாளுக்கு லைக் வேறு. பெற்றெடுத்தது போர்ச்சுகல் அம்மணி! 1909 பிப்ரவரி 9, மார்கோ டி கனவேசஸ் பக்கம் ஒரு கிராமம். அப்பா முடிதிருத்துபவர். சாகும்வரை போர்ச்சுகல் குடியுரிமைதான், போர்ச்சுகல் பாஸ்போர்ட்தான். இத்தனை பேர் படித்தீர்களே, ஒருத்தருக்கும் உறுத்தவில்லையா?

நிலாமுற்றம்:
வந்துவிட்டார் சார். இவர் இல்லாமல் ஒரு இழை ஓடிவிடுமா! ஒரு வயது நிறைவதற்குள் ரியோவுக்கு வந்த குழந்தை அது. அப்புறம் போர்ச்சுகல் மண்ணை மிதிக்கவே இல்லை. வளர்ந்தது ரியோவின் லாபா தெருக்களில். அம்மா நடத்திய விடுதியில் ஒத்தாசை, டை விற்கும் கடையில் வேலை, பிறகு தொப்பிக் கடை. அந்தத் தொப்பிக் கடையில் கற்ற கைவேலைதான் பின்னால் உலகமே பார்த்த, பழம் அடுக்கிய தலைப்பாகை. இதில் போர்ச்சுகல் எங்கே இருக்கிறது?

கடலோடி:
பாஸ்போர்ட்டில் இருக்கிறது. ரியோவில் சாப்பிட்டு வளர்ந்தால் குடியுரிமை தானாக வந்துவிடுமா? மனு போட வேண்டும். அவர் போடவில்லை. 46 வருட வாழ்க்கையில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட நேரமில்லையா?

இசைத்தட்டு ரசிகன்:
பாட்டைப் பற்றி யாராவது பேசுவீர்களா? பிரேசிலின் பாஹியா மாநிலத்து இசைக்காரர் ஜோசுவே டி பாரோஸ்தான் அவரைக் கண்டுபிடித்து வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் கூட்டிப்போனார். 1930இல் "தாயீ" பாட்டு வந்தது. 35,000 தட்டு விற்றது. அன்றைய பிரேசிலில் அது கேள்விப்படாத எண்ணிக்கை. அந்தக் குரலில் ஒரு குறும்பு இருக்கும், சொல்லை வாய்க்குள் உருட்டிவிட்டுத் துப்புவது மாதிரி. ஹாலிவுட் படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியாது.

கடலோடி:
தட்டு ரசிகருக்கு வணக்கம். தட்டு விற்றதை யார் மறுத்தது? விற்றது போர்ச்சுகல் குடிமகளின் தட்டு என்பதுதான் என் கட்சி.

சும்மா வந்தவன்:
அந்தத் தொப்பியில் இருந்த வாழைப்பழம் நிஜமா, பொம்மையா?

வெண்கடுகு:
நீங்கள் இரண்டு பேரும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. கார்மென் மேடையில் போட்ட அந்த உடை யாருடையது? பாஹியாவின் தெருக்களில் தலையில் கூடை வைத்துத் தின்பண்டம் விற்ற கறுப்பினப் பெண்களின் உடை. 1939இல் "பனானா டா தெர்ரா" படத்தில் கார்மென் அதைப் பளபளவென்று மாற்றிப் போட்டுக்கொண்டு, பாஹியாப் பெண்ணிடம் என்னதான் இருக்கிறது என்று பாடினார். பாட்டு டோரிவல் காயிமி எழுதியது. அதுவும் இசையமைப்பாளர் ஆரி பரோசோவுக்கும் படத் தயாரிப்பாளருக்கும் பணத்தகராறு வந்து அவர் பாட்டுகள் படத்திலிருந்து விலகியதால் கிடைத்த இடம். உடைக்குச் சொந்தக்காரிகள் யாருக்கும் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு டிக்கெட் வரவில்லை.

கடலோடி:
அருமை! உடையும் அவருடையது இல்லை, நாடும் அவருடையது இல்லை.

வெண்கடுகு:
நான் சொன்னது அது இல்லை. என் வாதத்தைத் தூக்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நிலாமுற்றம்:
கடலோடி சார், ஒரே ஒரு கேள்வி. 1939இல் பிராட்வே தயாரிப்பாளர் லீ ஷூபர்ட் அவரை ரியோவின் உர்கா கேளிக்கை விடுதியில் பார்த்து நியூயார்க்குக்குக் கூப்பிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது கார்மென் மட்டும். தனக்கு வாசிக்கும் பாண்டோ டா லூவா குழுவும் வந்தால்தான் வருவேன் என்று நின்றவர் கார்மென். அமெரிக்க வாத்தியக்காரர்களுக்கு பிரேசில் இசையான சாம்பாவின் தாளம் பிடிபடாது என்று அவருக்குத் தெரியும். இது யார் செய்கிற வேலை? போர்ச்சுகல்காரியா?

கடலோடி:
நல்ல பாடகி செய்கிற வேலை. பாஸ்போர்ட் என்ன நிறம் என்று தாளம் கேட்காது. நான் கேட்கிறேன்.

இசைத்தட்டு ரசிகன்:
1941 மார்ச்சில் ஹாலிவுட் சைனீஸ் தியேட்டர் முற்றத்து சிமெண்டில் கையும் காலும் பதித்த முதல் லத்தீன் அமெரிக்கர் அவர்தான். 1945இல் 2 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்து அமெரிக்காவிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய பெண். உயரம் ஐந்தடிகூட இல்லை, குதிகால் கட்டையை உயர்த்தி உயர்த்தித்தான் அந்த நடை.

கடலோடி:
"முதல் லத்தீன் அமெரிக்கர்"! போர்ச்சுகல் எந்தக் கண்டத்தில் இருக்கிறது ரசிகரே? வரைபடம் அனுப்பட்டுமா?

நிலாமுற்றம்:
1950 உலகக் கோப்பையில் உருகுவே பிரேசிலை வென்ற மரக்கானா ஆட்டத்து இழையில், உருகுவேயின் கிஜியா கோல் போட்டது எத்தனையாவது நிமிடம் என்று மூன்று பக்கம் இழுத்த மனிதர்தானே நீங்கள். அன்றிலிருந்தே நான் எதை எழுதினாலும் பின்னாலேயே வருகிறீர்கள்.

கடலோடி:
79ஆவது நிமிடம். நீங்கள் எழுதியது 66. அது முந்தைய கோல், ஷியாஃபினோ போட்டது. இன்னும் திருத்தவில்லை, பார்த்தேன்.

மட்டுறுத்துனர்:
கால்பந்து வேண்டாம். உள்ளூர்த் தலைவர்கள் எந்த ஊரில் பிறந்தார்கள் என்று ஆரம்பித்த ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைப்புக்குள் நில்லுங்கள்.

கடலோடி:
தலைப்புக்குள்தான் நிற்கிறேன், தலைப்பே பாஸ்போர்ட். சரி, 1940 ஜூலைக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு வருடம் கொடிகட்டிவிட்டு ரியோ திரும்புகிறார். அதே உர்கா மேடை. அதிபரின் மனைவி டார்சி வார்கஸ் ஏற்பாடு செய்த நிதி நிகழ்ச்சி, முன்வரிசை முழுக்கப் பணக்காரர்கள். வந்தவர் ஆங்கிலத்தில் "குட் நைட் பீப்பிள்" என்றார். கூட்டம் பனிக்கட்டி. ஆங்கிலப் பாட்டுக்கும் கைத்தட்டல் இல்லை. மேடையை விட்டு இறங்கி அழுதார். பிரேசிலே அன்று ஏற்கவில்லை, நிலாமுற்றம் இன்று ஏற்கிறார்.

நிலாமுற்றம்:
இதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன் சார். அன்று அவரை என்னவென்று திட்டினார்கள்? அமெரிக்கச்சி ஆகிவிட்டாள் என்று. "போர்ச்சுகல்காரி" என்று அந்த முன்வரிசையில் ஒருத்தர் திட்டினாரா? நம் ஆள் மாறிவிட்டாள் என்ற கோபம் அது. நம் ஆள் இல்லையென்றால் கோபம் எதற்கு? இரண்டே மாதத்தில் அதே மேடையில் ஏறி, நான் அமெரிக்கச்சியாகத் திரும்பிவிட்டேனாமே என்று அவர்களையே கிண்டலடித்துப் பாடினார். அந்த ராத்திரி கைத்தட்டியது யார், லிஸ்பன்காரர்களா?

கடலோடி:
பாடிவிட்டுப் போனவர் 14 வருடம் திரும்பவில்லையே! 1954 டிசம்பரில்தான் வந்தார். அதுவும் மாத்திரையும் ஓயாத வேலையும் உடம்பைத் தின்ற பிறகு.

வெண்கடுகு:
முன்னோடி என்றால் இசையமைப்பாளர் சிக்கின்யா கோன்சாகாவைச் சொல்லுங்கள். 1847இல் ரியோவில் பிறந்தவர், கடலோடியின் பாஸ்போர்ட் பிரச்சினையும் இல்லை. கணவனை விட்டு வெளியேறி, பியானோ வாசித்துப் பிழைத்தார். 1899இல் கார்னிவலுக்கென்றே "ஓ அப்ரே ஆலாஸ்" எழுதினார். 1914இல் அவருடைய "கோர்த்தா ஜாக்கா" என்ற ஆட்டப் பாட்டை அதிபரின் மனைவி மாளிகையிலேயே கித்தாரில் வாசித்ததற்கு, அரசியல்வாதி ரூய் பார்போசா செனட்டில் கோபத்தில் குதித்தார். அப்போது கார்மெனுக்கு ஐந்து வயது.

இசைத்தட்டு ரசிகன்:
அவர் இசையமைப்பாளர். மேடையில் ஆடிப்பாடும் ஆளைப் பற்றிப் பேசும்போது எதற்கு நடுவில்?

வெண்கடுகு:
ஆடினால்தான் கலைஞரா? நல்ல அளவுகோல்!

நிலாமுற்றம்:
கடைசியாக ஒன்று. 1955 ஆகஸ்ட் 4, அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் படப்பிடிப்பு. ஆட்டத்தின் நடுவில் கார்மென் தடுமாறி ஒரு முழங்காலில் விழுகிறார். டுராண்டே கையைப் பிடித்துத் தாங்குகிறார். மூச்சு வாங்குகிறது என்கிறார் கார்மென். எழுந்து, சிரித்து, மிச்சத்தையும் ஆடி முடிக்கிறார். விடியும் முன் பெவர்லி ஹில்ஸ் வீட்டில் மாரடைப்பு. உடலை எங்கே கொண்டுபோனார்கள்? ரியோவுக்கு. ஐந்து லட்சம் பேர் பின்னால் நடந்தார்கள். சாவோ ஜோவாவோ பட்டிஸ்டா கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார். அந்தக் கூட்டத்தில் நின்று பாஸ்போர்ட் கேட்டிருக்க வேண்டும் நீங்கள், முதுகில் வாங்கியிருப்பீர்கள்.

கடலோடி:
மிரட்டலா? மட்டுறுத்துனர் கவனிக்கவும். கூட்டம் கூடினால் குடியுரிமை என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மார்கோ டி கனவேசஸ் நகராட்சி அருங்காட்சியகத்துக்குக் கார்மென் மிராண்டா பெயர். அது சும்மாவா வைத்தார்கள்?

நிலாமுற்றம்:
ரியோவில் ஃப்ளமெங்கோ பகுதியில் 1976இலேயே அவருக்கென்று அருங்காட்சியகம் திறந்தாகிவிட்டது. உடை, தலைப்பாகை, கட்டைச் செருப்பு எல்லாம் அங்கே போனது. உங்களிடம் பெயர்ப்பலகை இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்கடுகு:
அந்த உடை யாருடையது என்ற கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

சும்மா வந்தவன்:
வாழைப்பழத்துக்கும்தான்.

கடலோடி:
பதில் சொல்ல இங்கே யாருக்குப் படிப்பு இருக்கிறது? நாளைக்கு ஆவணங்களோடு தனி இழை தொடங்குகிறேன். நிலாமுற்றம் அதற்குள் அந்த 66ஐத் திருத்திவைக்கட்டும்.

நிலாமுற்றம்:
திருத்த மாட்டேன்.