1904க்குப் பிறகுதான் 1905 வரும்

துங்கபத்திரை:
கூட்டுறவுக் கடனை இந்தியாவுக்கே கற்றுக்கொடுத்தது தமிழ்நாடு என்று நேற்று இங்கே ஒருவர் மார்தட்டியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் கர்நாடகத்தில் கதக் பக்கத்தில் கணகினஹாள் என்ற சிற்றூரில் 1905இல் தொடங்கியது. தொடங்கியவர் சித்தனகௌடா சண்ணராமனகௌடா பாட்டீல். நான் பிறந்தது தஞ்சாவூரில், பிழைப்பது ஹூப்ளியில். ஆகவே தமிழ்த் துரோகி என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.

பழைய பேரேடு:
ஹூப்ளிப் பக்கம் 1904 என்றொரு ஆண்டு வரவே இல்லையா? திரூர். அன்று செங்கல்பட்டு மாவட்டம், இன்று திருவள்ளூர் மாவட்டம். அங்கே 1904இல் சங்கம் வந்துவிட்டது. 1904க்குப் பிறகுதான் 1905 வரும். முப்பத்தொரு ஆண்டு சங்கத்தில் பேரேடு எழுதியவன் சொல்கிறேன், இந்த வரிசையை எந்தத் தணிக்கையாளராலும் மாற்ற முடியாது.

துங்கபத்திரை:
திரூர் மலப்புரத்தில் அல்லவா இருக்கிறது? எப்போது கேரளத்தையும் சேர்த்துக்கொண்டீர்கள்?

வயலோரம்:
அது வேறு திரூர் ஐயா. இது டி.கே.எம். 9 நெல்லைக் கொடுத்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிற திரூர். அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு ஊர் தெரியும்.

பழைய பேரேடு:
ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவரிடம் ஆண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நூலகத்து எலி:
இருவருமே தவறு. பரோடாவில் அன்யோன்ய சககாரி மண்டலி என்ற கூட்டுறவுச் சங்கம் 1889இலேயே தொடங்கிவிட்டது. உங்கள் இரண்டு ஊர்களும் பிறகு வந்தவை.

பழைய பேரேடு:
கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்ததே 1904 மார்ச்சில். சட்டம் வருவதற்கு முன்பு நாலு பேர் கூடிப் பணம் போட்டதெல்லாம் சங்கம் என்றால், என் பாட்டி திண்ணையில் நடத்திய சீட்டும் சங்கம்தான். அவருக்கும் ஒரு சிலை வையுங்கள்.

மயிலைவாசி:
பாட்டியின் சீட்டை ஏளனம் செய்ய வேண்டாம். மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் ஃபண்டு 1872இல் வந்தது. விவசாயக் கடன் பற்றி ஆராய்ந்த ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் தம் அறிக்கையை எழுதியபோது சென்னை மாகாணத்து நிதிகளைப் பற்றியும் ஆராய்ந்துதான் எழுதினார். உறுப்பினர் சேமிப்பு, உறுப்பினருக்கே கடன். இதற்கு மேல் என்ன வேண்டும்? 1872!

அளவுகோல்:
முதலில் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே. 1904 சட்டப்படி பதினெட்டு வயதைக் கடந்த பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம். உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் விவசாயிகளாக இருந்தால் அது கிராமச் சங்கம், இல்லாவிட்டால் நகரச் சங்கம். அதே ஆண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவானது நகர வகை. பரோடா அப்போது தனிச் சமஸ்தானம். நீங்கள் நால்வரும் நான்கு வேறு பொருள்களுக்கு ஒரே பெயரைச் சூட்டுகிறீர்கள்.

பழைய பேரேடு:
அம்மா, பத்துப் பேர் இருக்கட்டும், பதினொரு பேர் இருக்கட்டும். ஆண்டு என்ன? 1904. காஞ்சிபுரத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி. அதுவும் நம்முடையதுதான்.

அளவுகோல்:
நான் சொன்னது அதுவல்ல.

துங்கபத்திரை:
சரி, 1904 என்றே வைத்துக்கொள்வோம், ஒரு பேச்சுக்கு. கணகினஹாளில் தொடங்கியவர் பெயர் இருக்கிறது. திரூரில் தொடங்கியவர் யார்? பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். நிக்கல்சன் அறிக்கை எழுதினார், வைஸ்ராய் கர்சன் காலத்து அரசு சட்டம் போட்டது. வெள்ளைக்காரன் வைத்த செடிக்கு நமக்கு என்ன மார்தட்டல்?

பழைய பேரேடு:
கனகினால் எந்தச் சட்டத்தில் பதிவானதாம்? விஜயநகரச் சட்டத்திலா? அதே வெள்ளைக்காரன், அதே சட்டம், ஓராண்டு தாமதம். அவ்வளவுதான். நிக்கல்சன் 1895இலும் 1897இலும் எழுதிக் கொடுத்தது சென்னை அரசுக்கு, உங்கள் ஊர் அன்று இருந்த பம்பாய் மாகாணத்துக்கு அல்ல. கிராமக் கடன் சங்கத்துக்கு வழிகாட்டிய ரைஃபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்று அவர் சொன்னதும் இங்கே உட்கார்ந்துதான்.

துங்கபத்திரை:
ரைஃபைசன் ஜெர்மனிக்காரர். அவர் சங்கம் தொடங்கியது ஹெடெஸ்டார்ஃபில், 1864இல். ஆண்டுதான் முக்கியம் என்றால் அங்கே போய் மாலை போடுங்கள். தொடங்கியவர் பெயர் இன்னும் வரவில்லை.

பழைய பேரேடு:
ஜெர்மனி இந்தியாவில் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

வயலோரம்:
பெரியவர்களே, எந்த ஊர் முதல் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? எங்கள் ஊர்ச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு மூன்று நாள் நடந்தேன். முதல் நாள் சிட்டா பழையது. இரண்டாம் நாள் அடங்கலில் கையெழுத்து இல்லை. மூன்றாம் நாள் செயலாளரே இல்லை, கல்யாணத்துக்குப் போய்விட்டார். அடகுக்கடையில் ஐந்து நிமிடம், உரைகல்லில் ஒரு தேய்ப்பு, பணம் கையில். சங்கம் எதற்காக வந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பேரேடு:
எதற்காக வந்தது என்று கேட்கிறீர்கள், சொல்கிறேன். ஐந்து நிமிடத்தில் பணம் தருகிறானே, அவனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்ற வந்தது. கிராமச் சங்கங்கள் அன்று வரம்பற்ற பொறுப்பில் இயங்கின. சங்கம் நொடித்தால் கடன் வாங்காதவன் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலமாரியின் அடித்தட்டில் பழைய தீர்மானப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஓரமெல்லாம் செல்லரித்து, தொட்டால் உதிரும். ஊதா மையில் ஒரு தீர்மானம்: உழவு மாடு வாங்கக் கடன் பெற்ற உறுப்பினர் மாட்டைக் கொண்டுவந்து பஞ்சாயத்தாருக்குக் காட்ட வேண்டும். அதன் கீழே ஏழு கைநாட்டு. ஒவ்வொரு ரேகைக்கும் பக்கத்தில் எழுத்தர் பெயர் எழுதியிருந்தார். மாடு கொட்டிலில் நிற்கிறதா என்று எட்டிப் பார்க்க அதிகாரி வர வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரனே பார்ப்பான். ஏனென்றால் அவன் நிலமும் அதில் மாட்டியிருக்கிறது. இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது திரூர். 1904.

வயலோரம்:
மாடு கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நான் தவணை தவறாமல் கட்டினேன். 2021இல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தபோது எனக்கு ஒரு ரூபாய் இல்லை. கட்டாத என் பங்காளி அந்த ஆண்டு வீட்டுக்குத் தளம் போட்டான். இன்று யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

மயிலைவாசி:
நிதிகளில் தள்ளுபடி கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய பேரேடு:
தள்ளுபடி அரசு எடுத்த முடிவு. சங்கத்தின் மீது பழி போடாதீர்கள்.

நூலகத்து எலி:
ஐயா, ஒரு சிறு சந்தேகம். மார்ச் கடைசியில் காலையில் பழைய கடனைக் கட்டியதாக ஒரு வரவு, மாலையில் அதே தொகை புதுக்கடனாக ஒரு பற்று. பணத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. முப்பத்தொரு ஆண்டுகளில் தங்கள் பேரேட்டில் அந்த வரி எத்தனை முறை வந்தது?

பழைய பேரேடு:
இதற்குத்தான் காத்திருந்தீர்களா? ஏரி மதகு விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. என் பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தம் காட்டினால் இந்தத் தளத்தை விட்டே போய்விடுகிறேன். ஓய்வுபெற்ற நாளில் ஒரு பைசா தண்டத்தீர்வை இல்லாமல் வெளியே வந்தவன் நான்.

நூலகத்து எலி:
அடித்தல் திருத்தம் பற்றி நான் கேட்கவே இல்லை.

அளவுகோல்:
வயலோரம் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பணிவுடன்...

பழைய பேரேடு:
சொல்லிவிட்டேன், மேலே போய்ப் படியுங்கள். 1904.

துங்கபத்திரை:
பெயர்?

பழைய பேரேடு:
கடன் சங்கத்துக்குப் பெயர் எதற்கு? சங்கம் என்றால் கூட்டம். தனி ஆளின் பெயரைத் தூக்கிப் பிடிக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது உங்களுக்குக் கூட்டுறவு புரியவில்லை என்று.

துங்கபத்திரை:
பெயர் தெரியவில்லை என்று நேராகச் சொல்லலாம். இதைச் சொல்ல இவ்வளவு தத்துவம் தேவையில்லை.

மயிலைவாசி:
1872.

பழைய பேரேடு:
கனகினஹல்லிக்காரர் முதலில் நாட்காட்டியை வாங்கட்டும், பிறகு பெயரைப் பேசுவோம்.

துங்கபத்திரை:
ஊரின் பெயர் கணகினஹாள். கனகினாலும் இல்லை, கனகினஹல்லியும் இல்லை. இரண்டு முறை எழுதினீர்கள், இரண்டு முறையும் தவறு. முப்பத்தொரு ஆண்டு பேரேட்டில் உறுப்பினர் பெயரையும் இப்படித்தான் எழுதினீர்களா?

பழைய பேரேடு:
உறுப்பினர் பெயரை அவர்கள் சொன்னபடி எழுதினேன். ஆண்டை மட்டும் யார் சொல்லியும் மாற்றியதில்லை.