மறு: இத்தாலிய ஒயின் லேபிளில் வரும் 'டெனொமினாட்சியோனே'வுக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். ஒயின் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலுக்காக இதை எழுதுகிறேன். 'டெனொமினாட்சியோனே' என்பது, ஒயின் எங்கே விளைந்தது என்று காட்டும், சட்டப் பாதுகாப்புள்ள பெயர்.

> 'புவிசார் குறியீடு' என்றே போட்டுவிடலாமே. மதுரை மல்லிக்கும் அதுதானே?

மல்லிக்குச் சரி, இங்கே சிக்கல் வரும். ஒயினுக்கு ஐரோப்பியச் சட்டத்தில் இரண்டு படிகள் உண்டு. கீழ்ப்படிக்கு இத்தாலியில் ஐ.ஜி.டி. (வட்டாரத்துக்கே உரிய புவிசார் குறியீடு) என்று பெயர், 1992 சட்டத்தில் வந்தது. 85 விழுக்காடு திராட்சை அந்த வட்டாரத்தில் விளைந்திருந்தால் போதும். 'புவிசார் குறியீடு' இதற்குத்தான் நேர்ச்சொல். மேல்படி டி.ஓ.சி.யும் (கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தோற்றப்பெயர்) டி.ஓ.சி.ஜி.யும் (கட்டுப்பாட்டோடு உறுதியும் அளிக்கப்பட்ட தோற்றப்பெயர்), 1963 சட்டத்தில் பிறந்தவை. இவற்றில் திராட்சை முழுவதும் அந்த எல்லைக்குள்ளேயே விளைய வேண்டும். எந்த ரகம், ஹெக்டேருக்கு எவ்வளவு மகசூல், எத்தனை மாதம் முதிர வேண்டும் என்பதெல்லாம் விதியில் எழுதியிருக்கும். வட இத்தாலியின் பரோலோ ஒயினைப் பாருங்கள்: பாட்டிலில் 'பரோலோ' என்று போட நெபியோலோ திராட்சை மட்டுமே ஆகும். 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். இரண்டு படிக்கும் ஒரே சொல்லை வைத்தால், வாங்குபவருக்கு எது தெரிய வேண்டுமோ அதுவே மறைந்துபோகும்.

நான் முன்வைப்பது 'விளைவிடப்பெயர்'. இதில் 'பெயர்' கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் இத்தாலிய ஒயினில் ஆள் தடுமாறுவதே பெயரில்தான். 'வீனோ நோபிலே தி மோன்தெபுல்ச்சானோ' என்ற பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மோன்தெபுல்ச்சானோ நடு இத்தாலியின் தோஸ்கானா வட்டாரத்தில் ஒரு மலையூர், பாட்டிலுக்குள் குறைந்தது 70 விழுக்காடு சாஞ்சோவேசே என்ற திராட்சை. பக்கத்திலேயே 'மோன்தெபுல்ச்சானோ தாப்ருட்ஸோ' இருக்கும். அதில் மோன்தெபுல்ச்சானோ என்பது திராட்சையின் பெயர், விளைவது அட்ரியாட்டிக் கரையோர அப்ருட்ஸோவில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. போதாததற்கு அதே சாஞ்சோவேசேவை தோஸ்கானாவிலேயே மொந்தால்ச்சீனோ என்ற ஊரில் புருனெல்லோ என்பார்கள், ஸ்கன்சானோ என்ற ஊரில் மொரெல்லினோ என்பார்கள். பதிவான ஒயின் திராட்சை ரகங்களே 500-ஐத் தாண்டும் நாட்டில் இது எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த வளத்தைத் தமிழ் வாசகரிடம் கொண்டுபோக எனக்கு ஆசை. அதற்கு முதலில் 'இது ஊரா, திராட்சையா?' என்ற கேள்விக்கு ஒரே பார்வையில் பதில் கிடைக்க வேண்டும். 'விளைவிடப்பெயர்', 'ரகப்பெயர்' என்று ஜோடியாக வைத்தால் கிடைத்துவிடும்.

> 'விளைநிலப்பெயர்' இன்னும் இயல்பாக இருக்கிறதே?

இயல்புதான், ஆனால் அந்தச் சொல்லை இதற்கே செலவழித்துவிட வேண்டாம். பரோலோவின் எல்லைக்குள் 11 ஊராட்சிகள் வருகின்றன. அதற்குள்ளும் கன்னூபி போன்ற சிறு நிலப்பகுதிகளின் பெயரை லேபிளில் போடுவதற்கு 2010-இல் முறையாக எல்லை வகுத்தார்கள். 'விளைநிலப்பெயர்' அவற்றுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

அப்புறம், டி.ஓ.சி.யை 'நெறிப்பட்ட விளைவிடப்பெயர்' என்று சொல்லலாம். டி.ஓ.சி.ஜி.க்கு 'உறுதியளிக்கப்பட்ட' என்று சேர்த்தால் நீளம் தாங்காது. அந்த பாட்டில்களின் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும், கடையில் கண்ணில் படுவதும் அதுதான். அதனால் 'முத்திரை விளைவிடப்பெயர்' என்கிறேன். இதைவிடக் குட்டையாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், பட்டியலை இன்னும் பூட்டவில்லை.

அன்புடன்.