2,000 ரூபா மிச்சமான அந்தத் தை மாதம்

வெள்ளவத்தை, தனியார் நிறுவன ஊழியர்

2020 தை மாதச் சம்பளச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்போது எனக்குச் சம்பளம் 150,000. அதற்கு முந்தின மாதம் வரைக்கும் பேயீ வரி என்று 2,000 ரூபா வெட்டுவார்கள். தையில் அந்த இடத்தில் சைபர்.

இலங்கையில் 2019 கார்த்திகையில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வரியைக் குறைப்போம் என்று கோட்டாபய ராஜபக்ச தரப்பு சொன்னது. வென்ற கையோடு செய்தும் விட்டார்கள். வற் என்கிற பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. பேயீ எடுபட்டது. ஆண்டுக்கு 30 இலட்சம் வரை வருமான வரியே கிடையாது. எங்கள் அலுவலகத்தில் பற்றிஸும் தேநீரும் வாங்கிக் கொண்டாடினோம். நான் அவருக்கு வாக்குப் போடவில்லை. ஆனால் அந்தப் பற்றிஸைச் சந்தோசமாகத்தான் சாப்பிட்டேன். இந்தக் காசு இனி எங்கே குறையப் போகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, கணக்குப் பிரிவில் இருந்தவர்கள்கூட.

அப்பாவுக்கு நீரிழிவு. அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில்தான் வருடக்கணக்காக மருந்து எடுத்தார். 2022 ஆனியில் அங்கே மருந்து இல்லை, துண்டில் எழுதித் தந்தார்கள். மூன்று பார்மசி ஏறி இறங்கி, கடைசியாகக் கிடைத்த இடத்தில் ஒரு மாதத்துக்கு 11,000 ரூபா. அப்பா தபால் திணைக்களத்தில் வேலை செய்து இளைப்பாறியவர். வீட்டுக்கு வந்து மருந்துப் பையை மேசையில் வைத்துவிட்டு, "இவ்வளவு காலமும் இது சும்மா வருதெண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்திட்டன் பிள்ளை" என்றார். அரசாங்கத்தில் 34 வருடம் வேலை செய்தவர் சொன்னது அது.

வரிக் குறைப்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. கொரோனா, சுற்றுலாப் பயணிகள் வராமல் போனது, வெளிநாட்டுக் கடன், 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடுத்தது எல்லாம் சேர்ந்துதான் 2022 சித்திரையில் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. ஆனாலும் அந்த 2,000 ரூபாவை என்னால் மறக்க முடியவில்லை.

நெருக்கடிக்குப் பிறகு வரி மறுபடியும் ஏறியது. 2025 சித்திரையிலிருந்து மாதம் 150,000 வரைக்கும் வருமான வரி இல்லை என்று ஒரு சலுகை வந்தது. எனக்கும் அது தேவைதான். ஆனால் அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. வரியைப் பற்றி, அரசாங்கம் தருவதைப் பற்றி, உங்களிடம் யாராவது சொன்னதோ நீங்களே நினைத்ததோ இருந்தால் எழுதுங்கள்.

புறக்கோட்டை, கணக்காளர்

நீங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தீர்கள், நான் கடைகளின் புத்தகங்களைப் பார்த்தேன். ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் ரூபா விற்பனை இருந்தால் வற் பதிவு என்று இருந்தது, 2020 தை 1இலிருந்து 30 கோடி ஆனது. நான் பார்த்த 14 வியாபாரங்களில் இரண்டுதான் பதிவில் மிஞ்சின. அதைச் செய்து கொடுத்ததும் நான்தான். சட்டப்படி சரியான வேலை.

ஒரு துணிக்கடை முதலாளியிடம், "ஐயா, வரி போய்விட்டது, விலைச் சீட்டை மாத்தேல்லையா?" என்று கேட்டேன். பழைய ஸ்டொக் முடியட்டும் என்றார். முடிந்தது. புதுச் சரக்கும் அதே விலைக்குத்தான் தொங்கியது. 2024 தையில் வற் 18 ஆனபோது அதே கடையில் அடுத்த நாள் காலையிலேயே விலை ஏறியிருந்தது. வாங்கும் சனத்துக்கு 2019 சலுகையில் என்ன கிடைத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அரசாங்கத்தின் வரி வருமானமோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்குக் கிட்ட விழுந்தது. நாடுகளின் கடன் தகுதிக்குப் புள்ளி போடும் தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டைக் கீழே தள்ள, வெளியில் கடன் எடுக்கும் கதவும் மூடியது. பிறகு காசு அச்சடித்தார்கள். சாமான் விலை ஏறியதும் ஒருவகையில் வரிதான், அதற்குப் பற்றுச்சீட்டு மட்டும் கிடையாது.

ஹட்டன், சில்லறைக் கடை

எங்க பக்கம் யார்கிட்ட கேட்டாலும் "வரியா, அது பெரிய ஆளுங்க கட்டுறது"ன்னுதான் சொல்வாங்க. கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா மாசக் கடைசியில கணக்கு தீர்க்க வருவாங்க. 2023 ஆடியில அஸ்வெசுமன்னு அரசாங்க உதவிக் காசு தொடங்கின நேரம் அவங்க பேரு பட்டியல்ல வரல. "நாம வரி கட்டுறதில்லையே தம்பி, எந்த மொகத்த வச்சிக்கிட்டு கேக்குறது"ன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. 2024ல வற் 18 ஆனதுக்கு அப்புறம் அவங்க மறுபடியும் வந்தப்ப, விநியோகம் பண்றவர் தர்ற பில்ல எடுத்து காட்டினேன். 130 ரூபாய்க்கு நான் எடுக்கிற சவர்க்காரத்துல கிட்டத்தட்ட 20 ரூபா வற். டூத்பேஸ்ட், பிஸ்கட், போன் ரீலோட் எல்லாத்துலயும் இருக்கு. 2024 தையில இருந்து காஸ், பெற்றோல் மேலயும் வந்திருச்சி. அது வேன் கூலியில ஏறி நம்மகிட்டதான் வந்து நிக்குது.

அக்கா அந்த பில்ல ரொம்ப நேரம் பாத்தாங்க. "அப்ப நானும் கட்டுறேனா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அடுத்த கிழமையே கிராம சேவகர்கிட்ட மேன்முறையீடு எழுதிக் குடுத்தாங்க, எழுதினது நான்தான். காசு கெடச்சிச்சா இல்லையாங்கிறத விட, அன்னைக்கு அவங்க கேட்ட மாதிரி அதுக்கு முன்னாடி கேட்டு நான் பாத்ததில்ல.

மட்டக்களப்பு, மருத்துவர்

மேலே எழுதியவர்கள் கோபிக்கக்கூடாது. 2023 தையில் வருமான வரி 36 சதவீதம் வரை ஏறியபோது நானும் வேலைநிறுத்தத்தில் நின்றவன். மேலதிக நேரக் கொடுப்பனவோடு 250,000 வந்த மாதத்தில் 21,000 வெட்டினார்கள். என்னோடு படித்த பலர் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள்.

போராட்டத்துக்கு அடுத்த நாள் வார்டில் ஒரு வயதான அம்மா, "மகன், நீங்கள் படிச்சது எங்கட காசிலதானே" என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார். உண்மை. முதலாம் வகுப்பிலிருந்து மருத்துவப் பட்டம் வரை நான் ஒரு சதம் கட்டணம் கட்டியதில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் என் கோபமும் பொய்யில்லை. 2023 கார்த்திகை 14ஆம் திகதி, கோட்டாபய, அவருடைய சகோதரர்கள் மகிந்த, பசில் உட்பட அன்று பொறுப்பில் இருந்தவர்கள் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமாகி மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றமே சொன்னது. மனுதாரர்களுக்கு 150,000 ரூபா வழக்குச் செலவு கொடுக்கச் சொன்னது. அதோடு முடிந்தது. மிச்சத்தை நானும், ஹட்டன் அக்காவும், உங்கள் அப்பாவும் கட்டுகிறோம். கட்டுவேன். ஆனால் யார் செய்த சேதத்துக்குக் கட்டுகிறேன் என்பதைச் சொல்லிக்கொண்டேதான் கட்டுவேன்.

வெள்ளவத்தை

டொக்டர், கோபம் எதுவும் இல்லை. அந்தப் பற்றிஸ் சாப்பிட்டவர்களில் ஒருத்தி நான் என்பதால்தான் எழுதத் தொடங்கினேன்.

தென்மராட்சி, இளைப்பாறிய சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) முகாமையாளர்

உங்களுக்கெல்லாம் 2019 பெரிய கதை. எனக்கு 1953. எட்டு வயது. கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதம் வித்தது, ஒரே பட்ஜெட்டில 70 சதமாக்கினவை. பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டையும் நிப்பாட்டினவை. ஆவணி 12 ஹர்த்தால். கொஞ்ச நாளில டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டிட்டார். "அரிசியில கை வைச்சவன் கதிரையில இருக்கமாட்டான்" எண்டு ஐயா சொன்னது இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. அதுக்குப் பிறகு வந்த அரசியல்வாதியளும் அதைத்தான் படிச்சவை. விலையைச் சொல்லப் பயம். குடுக்கிறம் எண்டு சொல்லுறது லேசு.

1970 தேர்தலில ரெண்டு கொத்து அரிசி எண்டு சொல்லித்தான் சிறிமாவோ அம்மையார் ஆட்சிக்கு வந்தவ. சந்திரனில இருந்தெண்டாலும் கொண்டு வருவினம் எண்டு சனம் கதைச்சது. நான் அப்ப சங்கக்கடையில கிளாக். வரிசையில நிண்ட சனத்துக்கு அளந்து போட்டவன். நாலு வருசத்துக்குள்ள அரிசி தட்டுப்பாடு, பாணுக்கும் வரிசை. எங்கட மிளகாய், வெங்காயத் தோட்டக்காரருக்கு இறக்குமதி நிண்டதால நல்ல காலம், அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் அந்த அரிசிக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டு கவுண்டருக்கு அங்கால நிண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்சால நிண்ட நானும் சொல்லேல்லை. கணக்குப் புத்தகம் என்ர கையிலதான் இருந்தது.

இப்ப என்ர கதை சின்னது. ஒழுங்கை முடக்கில லைற் இல்லை. வீடு வளவுக்கு உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டுற சோலைவரியின்ர பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் சபையில கேட்டன். ரெண்டு தரம் அலைச்சல், மூண்டாந்தரம் போட்டினம். வெளிச்சம் என்ர படலைக்கும் விழுகுது, முன்வீட்டுப் படலைக்கும் விழுகுது. முன்வீட்டுக்காரர் அஞ்சு வருசமாச் சோலைவரி கட்டேல்லை. நல்ல மனிசன், கஷ்டப்பட்டவரும் இல்லை. "கட்டி என்ன கண்டது அண்ணை?" எண்டு என்னட்டக் கேட்டவர். லைற் வந்தாப்பிறகு நான் இன்னும் அவரோட அதைப்பற்றிக் கதைக்கேல்லை. பற்றுச்சீட்டு சேட்டுப் பொக்கற்றுக்குள்ளதான் கிடக்குது. நாளைக்குப் பின்னேரம் போவம் எண்டு இருக்கிறன்.