மூஸ் வேட்டை: செப்புச் சன்னம் ஒரே இடத்தில விழுகுதில்லை, எதை எடுக்கலாம்?

ஒக்டோபரில் கனடாவின்ர பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் ஜோர்ஜ் பக்கம் மூஸ் (பெரிய மான் இனம்) வேட்டைக்குப் போறம். துவக்கு .30-06 தோட்டா போடுறது; சன்னத்தைச் சுழலவைக்கிற குழலின்ர உள்வரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இறைச்சியைப் பிள்ளைகளும் சாப்பிடுறதால ஈயம் வேண்டாமெண்டு முழுச் செப்புச் சன்னத்துக்கு மாறினன்.

100 மீற்றரில் ஈயச் சன்னம் ஒன்றரை அங்குலத்துக்குள்ள விழுகுது. 180 கிரெய்ன் (சன்னத்தின்ர எடை அளவு) செப்பு நாலு அங்குலத்துக்குப் பரவி விழுகுது. செப்புக்கு அடர்த்தி குறைவு, அதே எடைக்குச் சன்னம் நீளம், குழல் சுழற்றிறது அதுக்குக் காணாதோ எண்டு 165க்கு இறங்கினன்; மூண்டு அங்குலம். துணியில செப்புப் படிவின்ர நீலக்கறை வராத மட்டும் குழலைத் துடைச்சாச்சு. ஸ்கோப் திருகாணிகளும் இறுக்கம்தான். கடைத் தோட்டாதான் பாவிக்கிறன், வீட்டில நிரப்பிறேல்ல.

200 மீற்றருக்கு மேல சுடமாட்டன். காயப்பட்ட மிருகம் காட்டுக்குள்ள ஓடி வதைபடக் கூடாது.

இந்தத் தூரத்தில மூஸுக்கு 150 கிரெய்ன் செப்பு போதிய ஆழம் இறங்குமோ, இல்லாட்டி 180 கிரெய்ன் பொண்டட் (உறையோட ஒட்டின) ஈயத்துக்கே திரும்பட்டோ?