சளியில் டிஎன்ஏ எடுத்தால் இன்டர்னல் கன்ட்ரோலே ஏறவில்லை, ஏன்?

கேள்வி:
காசநோய் பிசிஆருக்காக ஸ்பின் காலம் (column, டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் சிறு குழாய்) கிட் வைத்து டிஎன்ஏ எடுக்கிறேன். பத்தில் மூன்று மாதிரிகளுக்கு இன்டர்னல் கன்ட்ரோல் (பிசிஆர் ஒழுங்காக ஓடியதா என்று காட்டும் சோதனை டிஎன்ஏ) வருவதே இல்லை. நானோடிராப்பில் (டிஎன்ஏவின் அளவையும் தூய்மையையும் பார்க்கும் கருவி) 260/280 விகிதம் 1.8, அது சரிதான்; ஆனால் உப்பு போன்ற கலப்பைக் காட்டும் 260/230 விகிதம் வெறும் 0.6. ஸ்மியரில் (நுண்ணோக்கிச் சோதனை) 3+, அதாவது கிருமி ஏராளம் என்று வந்த சளியிலும் டார்கெட் (காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ), கன்ட்ரோல் இரண்டுமே காணோம். ரீஏஜென்ட் கெட்டுப்போயிருக்குமோ?

பதில் 1:
ரீஏஜென்ட்டைத் திட்டாதீர்கள். அந்த 0.6 பெரும்பாலும் லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) இருக்கும் குவானிடின் உப்பு. கடைசி வாஷ் முடிந்ததும் ஸ்பின் காலத்தைப் புதுக் குழாயில் போட்டு, ஒன்றும் ஊற்றாமல் 2 நிமிடம் சுற்றுங்கள், எத்தனால் ஒரு சொட்டு தங்கினாலும் பிசிஆர் படுத்துவிடும். எடுத்ததை 1:10 நீர்த்து மறுபடி ஓட்டுங்கள்; கன்ட்ரோல் ஏறினால் பிசிஆரைத் தடுக்கும் கலப்புதான் காரணம்.

பதில் 2:
அவர் சொன்னது சரி, ஆனால் சளி குழகுழவென்று இருக்கும்போதே லைசிஸுக்குப் போகிறீர்களா? முதலில் என்ஏஎல்சி (சளியை இளக்கும் வேதிப்பொருள்) போட்டு, பிப்பெட் முனையில் நூல் இழுக்காத அளவுக்குக் கரையுங்கள். காசநோய்க் கிருமியின் சுவரில் மைக்கோலிக் அமிலம் இருப்பதால் வெறும் பஃபருக்கு அசையாது, மணிகள் போட்டுக் குலுக்கித்தான் உடைக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, டிஎன்ஏ எடுத்தபின் மிஞ்சும் கழிவில் பிளீச் ஊற்றிவிடாதீர்கள், குவானிடினோடு சேர்ந்தால் விஷவாயு வரும்.

கேட்டவர்:
ஐயோ, தினமும் பிளீச்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்! 1:10-இல் மூன்றுக்கு இரண்டு ஏறிவிட்டது, 3+ சளி பாசிட்டிவ். மூன்றாவதற்குப் புதுச் சளி கேட்டிருக்கிறேன்.