பொருள்: வாத்தியார் பேத்திக்கு இப்போதே பணம் தேவை

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை போயிருந்தபோது பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நம்ம வாத்தியார் பேத்தியைப் பார்த்துவிட்டு வந்துதான், அவளுக்கு உதவி கேட்டுப் போன மடலை எழுதினேன். 400 மீட்டர் தடை ஓட்டம், மொத்தம் பத்துத் தடை. எட்டாவது தடை வரை பறக்கிறாள். ஒன்பதிலும் பத்திலும் கால் எழும்பவில்லை. ஓட்டத்தில் குறையில்லை, சாப்பாடு போதவில்லை என்கிறார் கோச். விடியற்காலைப் பயிற்சி முடிந்து விடுதிக்குத் திரும்பினால் இட்லிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ராத்திரிக்கு ரசம் சோறு. முட்டைக்குத் தனிக் காசு. ஸ்பைக்ஸ் ஷூவின் அடி பிய்ந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது. வீட்டில் கேட்க மாட்டாள். அவள் அப்பாவின் நிலைமை உங்களுக்கே தெரியும்.

அதற்கு வந்த பதில்களைப் படித்து மனசு ஆறவில்லை.

சிங்கப்பூர் மாமா, "முதலில் மெடல் வாங்கட்டும், ஊரே திரண்டு பாராட்டு விழா எடுப்போம், ஊர்ப் பேரு நிக்கணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா இதே 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. அங்கே கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன், கடைசி 35 மீட்டரில் தெம்பு இல்லாமல் போய்விட்டது என்று உஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம்ம பிள்ளைக்கும் கால் விடுவது அதே மாதிரி கடைசியில்தான் மாமா. உஷா சிறுமியாக இருந்தபோது கேரள அரசு 250 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அப்போது அவர் கையில் எந்தச் சர்வதேச மெடலும் இல்லை. ஜகார்த்தா ஆசிய தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் 1985இல், சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் 1986இல். பணம் முதலில் வந்தது, தங்கம் பிறகுதான் வந்தது.

அந்த 55.42 இந்தியச் சாதனையாக 39 வருஷம் நின்றது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே 55.42ஐ ஓடிச் சமன் செய்தது நம்ம கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ். மறுநாள் இறுதி ஓட்டத்தில் வெண்கலம். அப்பா லாரி ஓட்டியவர். இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஓடவிட்டார். வித்யாவின் ஓட்டத்தை ஃபோனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள் நம்ம பிள்ளை. எந்தத் தடைக்கு எத்தனை காலடி என்று ஒப்பிக்கிறாள்.

மஸ்கட் அண்ணன் கணக்கு கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். விடுதிப் பணம் நேரே விடுதிக்குப் போகும், முட்டை, பால், பழத்துக்குக் கோச் மாதாமாதம் பில் அனுப்புவார், ஸ்பைக்ஸை நானே வாங்கி ரசீதை இங்கே போடுகிறேன். ஆனால் குளத்துப் படித்துறைக்கு வசூலித்த பணத்தின் பாக்கியை இந்தப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். அந்தப் பணம் என் கைக்கு வரவே இல்லை. யார் கைக்குப் போனதென்று உங்கள் மச்சானைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் விசிலோடு மைதானத்தில் நின்று நம்மையெல்லாம் ஓடவிட்டவர் வாத்தியார். புளியமரத்தைத் தொட்டுத் திரும்பினால் கடலை மிட்டாய், அவர் சொந்தக் காசில். உங்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டியதும் அவர்தான் அண்ணே. அவர் யாரிடமும் ரசீது கேட்டதில்லை.

ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு வருஷத்துக்கு. முடியாதவர்கள் முடிந்ததைப் போடலாம். ஊர் வளைவு கட்டவென்று வங்கியில் கிடக்கும் பணத்தைத் தொட வேண்டாம் என்பவர்கள் அதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். முதல் மாதத்தை நான் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் விடுதிக்குப் பணம் போக வேண்டும். பொருளாளர் அண்ணன் வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடவும்.